சிரிக்க வைத்துக்கொண்டே வென்ற அணி

கூடைப்பந்தாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ஒரே அணியைச் சேர்ந்த இருவருக்குள் சண்டை! ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி மற்றவரின் தலையில் ஊற்றிவிடுகிறார். நனைந்தவர் சும்மா விடுவாரா? இன்னொரு வாளியோடு துரத்துகிறார். துரத்தப்பட்டவர் நேரே பார்வையாளர்களுக்குள் ஓடுகிறார். முன்வரிசையில் இருக்கும் தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குனிகிறார்கள். வாளி கவிழ்கிறது. கொட்டியது தண்ணீரல்ல, வண்ணக் காகிதத் துண்டுகள்!

வாப்பா, உம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கும் இந்தப் பகிடியைப் பல தசாப்தங்களாக உலகெங்கும் கொண்டு சென்றவர்கள் ஹார்லெம் குளோப்ட்ரொட்டர்ஸ் அணியினர். ஹார்லெம் என்பது நியூயோர்க் நகரில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. ஆனால் இந்த அணி பிறந்ததோ 1920களில், சிக்காகோவில்! ஆட வருபவர்கள் கறுப்பினத்தவர் என்பதை ஊராருக்குச் சொல்லவே அணியை நடத்திய ஏப் சப்பர்ஸ்டீன் அப்படிப் பெயர் வைத்தார். பெயரில் இருந்த ஹார்லெமில் அவர்கள் முதன்முதலாக ஆடியது 1968இல்தான்.

இவர்களை வெறும் கோமாளிகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1940இல் சிக்காகோவில் நடந்த உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியின் வெற்றிக்கிண்ணம் இவர்களுக்கே கிடைத்தது. ஊர் ஊராகச் சென்று ஆடும்போது எதிரணியை அளவுக்கு மீறித் தோற்கடித்தால் அடுத்த முறை யார் அழைப்பார்கள்? ஆகவே முதலில் நல்ல முன்னிலை பெறுவது, பிறகு வேடிக்கை காட்டுவது என்று ஆனது. வேடிக்கை நேரத்தில் களைத்த கால்களுக்கும் ஓய்வு.

1948 பெப்ரவரி 19ஆம் திகதி சிக்காகோ அரங்கில் 17,823 பேர் கூடினார்கள். எதிரே மினியாபொலிஸ் லேக்கர்ஸ். ஆறடி பத்து அங்குல உயரமான ஜோர்ஜ் மைக்கன் ஆடிய அணி, வெள்ளையர் மட்டுமே கொண்ட அணி. கடைசி நொடியில் ஏர்மர் ரொபின்சன் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 61க்கு 59! கறுப்பர்களுக்கு இந்த ஆட்டத்தின் உயர்தரம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1950இல் அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ. கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறந்தபோது, அதற்குள் நுழைந்தவர்களில் ஒருவர் இந்த அணியின் நதானியேல் கிளிஃப்டன்.

ஆனால் அரங்கில் கைதட்டியவர்களின் ஊரிலேயே இவர்களுக்குச் சோறும் படுக்கையும் கிடைக்காத இரவுகள் பல. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஹோட்டல்காரர்கள் கறுப்பர்களுக்கு அறை கொடுப்பதில்லை. பிற்காலத்தில், 'வெள்ளையர் சிரிப்பதற்காகக் கோமாளி வேஷம் போடுகிறார்கள்' என்று சொந்த இனத்தவரே குறை சொன்னதும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிழைப்புக்கு வேறு வாசல் அடைக்கப்பட்டிருந்த காலம் அது என்பதையும் மறக்கலாகாது.

சரி, அந்த வித்தைகள்தான் என்ன? நம் பாடசாலைப் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட முடியாது. கூடைப்பந்தில் அதுதான் உயிர். மார்க்கஸ் ஹெய்ன்ஸ் முழங்காலில் நின்றும் தரையில் படுத்தும் பந்தைத் தட்டுவார். சுற்றி நிற்கும் எவராலும் பறிக்க முடியாது. மொட்டைத் தலையோடு எல்லோரையும் கவர்ந்த கேர்லி நீல் பின்னாளில் அதே வித்தையில் பேரெடுத்தார். மெடோலார்க் லெமன் மைதானத்தின் நடுக்கோட்டருகிலிருந்து தலைக்கு மேலாகப் பந்தை வளைத்து எறிவார். பத்தடி உயரத்தில் இருக்கும் கூடைக்குள் விழும். ரப்பர் நாடாவில் கட்டிய பந்தை எறிவதும், அது திரும்பி அவரிடமே வருவதும் வெறும் பகிடி. மற்றதெல்லாம் ஆண்டுக்கணக்கான பயிற்சி.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் எதிரணிக்காரர்களே! பந்து கால்களுக்கிடையில் போக, காற்சட்டை இழுபட, இரவுக்கு இரவு தோற்கும் வொஷிங்டன் ஜெனரல்ஸ். இந்த அணியை 1950களின் தொடக்கத்தில் அமைத்த ரெட் குளொட்ஸ் நல்ல ஆட்டக்காரர். 1948இல் லீக் சம்பியனான பால்டிமோர் அணியில் ஆடியவர். வேடிக்கைக் கட்டங்களில் விட்டுக்கொடுப்பார்கள். மற்ற நேரங்களில் உண்மையாகவே ஆடுவார்கள். 1971 ஜனவரி 5ஆம் திகதி டென்னசி மாநிலத்தின் மார்ட்டின் என்ற ஊரில், அன்று வேறொரு பெயரில் ஆடிய இந்த அணி 100க்கு 99 என்று வென்றுவிட்டது! வெற்றிப் பந்தை எறிந்தவர் ஐம்பது வயது குளொட்ஸ். கரகோஷமா? இல்லை. அரங்கு உறைந்துபோனது, பிள்ளைகள் அழுதார்கள்.

அதன் பிறகு குளோப்ட்ரொட்டர்ஸ் அணிக்கு மீண்டும் நீண்ட வெற்றித் தொடர். 8,829 ஆட்டங்கள் நீண்ட அதை 1995இல் வியன்னா நகரில் முடித்துவைத்தது கரீம் அப்துல் ஜப்பாரின் அணி. இஸ்லாத்தைத் தழுவி அப்பெயரை ஏற்றுக்கொண்ட அதே பெரும் வீரர்தான்.

சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கன்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் லினெட் வூடார்ட் என்றொரு சிறுமி இருந்தாள். அவளுடைய உறவினர் ஹ்யூபி ஓஸ்பி இந்த அணியில் ஆடியவர். வீட்டுக்கு வரும்போது விரலில் பந்தைச் சுழற்றிக் காட்டுவார். அது அவள் மனதைவிட்டு அகலவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களில் அவர் எடுத்த 3,649 புள்ளிகளை அந்த மட்டத்தில் தாண்ட 2024இல்தான் இன்னொரு பெண் வந்தார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கப் பெண்கள் அணிக்குத் தலைவியும் அவரே. ஆனால் அந்த நாளில் படிப்பு முடிந்தபின் பெண்கள் ஆட அமெரிக்காவில் நிலையான லீக் எதுவும் இல்லை. 1985இல் குளோப்ட்ரொட்டர்ஸ் அணி பெண்களையும் தெரிவுக்கு அழைத்தது. போனார், தெரிவானார். ஆண்களின் அந்த அணியில் ஆடிய முதல் பெண் அவரே. அவருக்குப் பின் வேறு பல பெண்களும் அதே சீருடையை அணிந்திருக்கிறார்கள்.