எழுத்துருவுக்குள் சிக்கிய பிரமாணங்கள்

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளில் அடிக்கடி நடப்பது இது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் அடித்து வைத்த ஒரு பிரமாணத்தின், அதாவது சொத்துப் பத்திரத்தின், கோப்பைப் புதுக் கணினியில் திறப்பார்கள். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கும்.

கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி உள்ள கணினி அதற்குத் தமிழ் வடிவம் கொடுக்கும். இல்லாத கணினி உள்ளே கிடப்பதை அப்படியே காட்டும். வானவில், டேம், டேப் என்று வேறு வேறு குறியீட்டு முறைகளும் இருந்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டேம், டேப் இரண்டையும் பொதுத் தரமாக முன்வைத்தது. 2010 ஜூனில் தமிழக அரசு உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குள் அடித்த கோப்புகளோ மலைபோல் சேர்ந்துவிட்டன.

ஆவணம் கையில் இருந்தும் படிக்க முடியாமல் தவிப்பது குமரி மாவட்டத்துக்குப் பழகிய துன்பம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்தவை. தாத்தா காலத்து மலையாளப் பிரமாணத்தை வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இன்னும் பின்னால் போனால், அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகள். வரியும் நிர்வாகமும் பேசும் அந்த ஓலைகளைத் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வாசித்துப் படியெடுத்திராவிட்டால், நாஞ்சில் நாட்டு வரலாற்றில் பெரிய பகுதி இருட்டிலேயே கிடந்திருக்கும்.

இன்று பழைய டிடிபி கோப்புகளுக்கு அந்தப் படியெடுக்கும் வேலையின் பெரும்பகுதியைச் சர்வர் செய்யும். கடையிலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகளில் ஒன்றையே சர்வராக்கி, அதில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை வைத்தால் போதும். 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய ‘சாம்பா’ என்ற இலவச மென்பொருள், லினக்ஸ் சர்வரில் உள்ள கோப்புறையை விண்டோஸ் கணினிகளும் திறக்க வழி செய்கிறது. அந்தச் சர்வரிலேயே லிப்ரெஆபிஸ் இருந்தால், திரையில் எதையும் திறக்காமல் ஒற்றைக் கட்டளையில் நூற்றுக்கணக்கான வேர்டு கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கிவிடலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்துருவைத் தனக்குள்ளே வைத்துக்கொள்வதால் பிடிஎஃப் எந்தக் கணினியிலும் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் பாமினியில் அடித்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால், ‘விளவங்கோடு’ என்று யூனிகோடில் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. உள்ளே கிடப்பது அதே ஆங்கில எழுத்துகள்தான். முதலில் யூனிகோடு, பிறகு பிடிஎஃப் என்பதே சரியான வரிசை.

யூனிகோடுக்கு மாற்றுவதும் எழுத்துக்கு எழுத்து வைக்கும் வேலை அல்ல. ‘கொ’ என்பதைப் பழைய முறையில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார்கள். யூனிகோடில் ககரம் முதலில் வரும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி பின்னால் வரும். மாற்றும் கருவி இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். இன்னொரு சிக்கல், ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருப்பது. முழுப் பக்கத்தையும் பாமினியென்று கருதி மாற்றினால் ஆங்கிலத்தில் உள்ள வங்கிப் பெயரும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்து மாற்றும் கருவிதான் பிரமாணங்களுக்கு ஏற்றது.

அப்படி மாற்றிய பிறகும் பெயர்களில் வரும் ஸ, ஷ, ஹ எழுத்துகளையும் சர்வே எண்களையும் எல்லை விவரங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் வாசித்தே ஆக வேண்டும். அதுவரை மூலக் கோப்புகள் தனிக் கோப்புறையில், யாரும் திருத்த முடியாதபடி பூட்டப்பட்டிருக்கட்டும்.