“மெசியா என்றால் யார், அம்மா?”

மார்கழி, தை மாதங்களில் நீலகிரி இல்லங்களில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவது நாம் அனைவரும் அறிந்ததே. போத்தலை அடுப்பருகே வைத்து இளக்கிய பின்னரே பிள்ளைகளின் தலையில் எண்ணெய் தடவ இயலும். அத்தகையதொரு மாலையில், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பொன்றில் ஒரு குடும்பத்தாருடன் செபமாலைக்கு அமர்ந்திருந்தோம். செபம் முடிந்ததும் தாத்தா விவிலியத்தைத் திறந்து, மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தை வாசித்தார். தம்மை யாரென்று கருதுகிறீர்கள் என்று இயேசு கேட்க, பேதுரு அவரை மெசியா என்று அறிக்கையிடும் பகுதி அது.

“மெசியா என்றால் யார், அம்மா?” என்று எட்டு வயது மகள் வினவினாள்.

நாள் முழுதும் கொழுந்து பறித்துக் களைத்திருந்த அத்தாய், “அது இயேசு சாமியோட இன்னொரு பேரும்மா” என்றார்.

விடை பிழையன்று, ஆயினும் அது போதாது. நம் பிள்ளைகளுள் பலர் ‘கிறிஸ்து’ என்பதை இயேசுவின் பெயரோடு ஒட்டிய மற்றொரு பெயர் என்றே எண்ணியிருக்கின்றனர். மெசியா எபிரேயச் சொல். கிறிஸ்து அதற்கு நிகரான கிரேக்கச் சொல். இரண்டுக்கும் எண்ணெயால் அருள்பொழிவு செய்யப்பட்டவர் என்பதே பொருள். இதை விளக்க நூல் தேட வேண்டியதில்லை. எண்ணெய்ப் போத்தல் அடுப்பருகிலேயே இருந்தது. ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டித் தாவீதை அழைத்து வரச்செய்து, அண்ணன்மார் நடுவில் சாமுவேல் அவரது தலையில் எண்ணெய் வார்த்த கதையைச் சொன்னோம். “எனக்கும் ஊத்தினாங்களா?” என்றான் அவ்வீட்டுக் கடைக்குட்டி. ஆம், திருமுழுக்கின்போது அவனது உச்சந்தலையிலும் குரு கிறிஸ்மா தைலம் பூசியிருந்தாரே!

அடுத்து, காத்திருத்தல். தாவீதின் வழிவந்தோர் ஆட்சி கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியரால் வீழ்ந்தது. பின்னர் பாரசீகர், கிரேக்கர், உரோமையர் என ஒருவர்பின் ஒருவராக ஆண்டபோதும், தாவீதின் மரபில் ஒருவர் வருவார் என்று யூத மக்கள் காத்திருந்தனர். இயேசுவும் அன்னை மரியாவும் அம்மக்களுள் பிறந்தவர்களே என்பதைப் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் சொல்லிவைப்பது நன்று. காத்திருத்தல் எத்தகையது என்பதைத் தாத்தாவே எடுத்துரைத்தார். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலைநாட்டுத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தோருக்கெனத் தமிழக அரசு 1968 முதல் அமைத்த தேயிலைத் தோட்டங்களில்தான் இவர் போன்ற பலர் வேலை பெற்றனர். குடியுரிமைத் தாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், தபால்காரர் வரும் வழியை அன்றாடம் பார்த்திருந்ததையும் அவர் சொன்னபோது பேத்தி வாய்திறவாமல் கேட்டாள்.

கேட்டு முடித்தவள் விடவில்லை. “அவ்வளவு நாள் காத்திருந்து வந்தவரை ஏன் சாகவிட்டாங்க? மெசியாவாலே தப்பிக்க முடியாதா?”

இக்கேள்வியைக் கேட்டதும் பல பெற்றோர் பிள்ளையை அடக்கிவிடுகின்றனர். அது தவறென்பதே நம் கருத்து. பேதுரு தடுமாறியதும் இதே இடத்தில்தான். மெசியா என்று அறிக்கையிட்ட அதே வாயால், தாம் பாடுபட வேண்டும் என்று இயேசு கூறியதை அவர் மறுத்தார், கடிந்துகொள்ளவும் பட்டார். படையுடன் வரும் அரசரை அவர் எதிர்பார்த்தார். இயேசுவோ பணிவிடை ஏற்பதற்கன்று, பணிவிடை புரியவே வந்தார். கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழைந்தார். மாற்கு நற்செய்தியின் 16 அதிகாரங்களில் பேதுருவின் அறிக்கை வருவது ஏறத்தாழ நடுவில். உடன் நடந்த சீடர்களுக்கே அத்தனை காலம் பிடித்ததெனில், நம் பிள்ளைகளை ஒரே மாலையில் விடைசொல்ல வற்புறுத்துவானேன்?

நம் பாட்டிமார் காலத்தில் கத்தோலிக்க இல்லங்களில் செபப் புத்தகம் இருந்தது. விவிலியம் இருந்த இல்லங்கள் குறைவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் வழியாக மக்கள் அனைவரையும் விவிலிய வாசிப்புக்கு அழைத்தது. 1995-இல் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதனால் ஒரு சிறு குழப்பமும் உண்டு: பாட்டி ‘இராயப்பர்’ என்பார், பேரன் ‘பேதுரு’ என்பான், பாட்டிக்குச் ‘சின்னப்பர்’, பேரனுக்குப் ‘பவுல்’. இருவரும் ஒருவரையே சொல்கின்றனர் என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

இதைவிடப் பெரிய இடர் வேறு. உதகையிலும் குன்னூரிலும் ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் தமிழை எழுத்துக்கூட்டியே படிக்கின்றனர். அவர்களை வாசிக்கச் சொல்லிப் பிழைதிருத்திக்கொண்டிருந்தால் செபவேளை தமிழ்ப் பாடவேளையாகிவிடும். பெரியவர் பத்து வசனம் வாசிக்கட்டும், பிள்ளை ஒரு வசனம் வாசிக்கட்டும். கைபேசி மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும், தந்தையுடையதும் சேர்த்து!

அச்சிறுமியின் கேள்விக்கு அன்று எவரும் முழு விடை கூறவில்லை. தாத்தா மின்கட்டண இரசீதை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடினார்.

“நாளைக்கு என்ன தாத்தா?”

“நாளைக்கு மலைமேல ஏறுறாங்க” என்றார் அவர்.