வவுச்சர் இல்லாத மருந்து



கணக்கு வேலைக்குப் போனால் முதலில் படிப்பிப்பது இதைத்தான்: வவுச்சர் இல்லாமல் ஒரு சதமும் புத்தகத்தில் ஏறக்கூடாது. மருந்து விடயத்தில் நாங்கள் அப்படி இருக்கிறோமா? கலியாண வீட்டில் ஒருவர் சொன்னால், ஊரிலிருந்து வந்தவர் கொண்டுவந்து தந்தால், அதுவே எங்களுக்குப் போதும்.

என் அத்தானுக்குச் சலரோகம். தெரிந்த ஒருவர் கொடுத்த சூரணத்தை நம்பி, டொக்டர் தந்த குளிசையை நிறுத்திவிட்டார். எங்களுக்கும் சொல்லவில்லை. ஆறு கிழமையில் அவரை அவசர சிகிச்சைக்குக் கொண்டு ஓடினோம். நல்ல காலம், தப்பிவிட்டார். பிறகுதான் அந்தப் போத்தலைப் பார்த்தேன். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மாதக் கணக்காக அது அவர்கள் குசினி மேசையில்தான் இருந்தது. ஊருக்கே கணக்குப் பார்க்கும் நான் அதை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? கனடாவில் விற்க அனுமதி பெற்ற மருந்துகளில் டி.ஐ.என். என்ற எட்டு இலக்க எண் இருக்கும். மூலிகை, விற்றமின் போன்றவற்றுக்கு 2004 ஜனவரியில் தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் என்.பி.என். என்ற எட்டு இலக்க எண்ணைத் தேடுங்கள். ஹெல்த் கனடாவின் இணையத்தளத்தில் அந்த எண்ணை அடித்தால், கம்பனியின் பெயரும் மருந்தில் சேர்ந்திருப்பவையும் வரும். இதுதான் மருந்தின் வவுச்சர்.

எண் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியில், எங்கள் கடைகளைப் போன்ற தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஐந்துக்கு ஒன்று! 2005 ஜூலையில் ஹெல்த் கனடாவும் இதே காரணத்துக்காகச் சில ஆயுர்வேத மருந்துகளைப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளையையும் வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கும்.

கைவைத்தியம் எல்லாம் நஞ்சு என்று நான் சொல்லவரவில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பது வேறு, பெயர் தெரியாத தூளை நம்பிக் குளிசையை நிறுத்துவது வேறு.

இன்னொன்று. எண் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் குளிசைகளோடு அது ஒத்துவர வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், ஊர் மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்கக் காசில்லை. ஒளிக்கவும் வேண்டாம்.

இரவில் சந்தேகம் வந்தால் 811ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள். 24 மணி நேரமும் தாதி ஒருவர் இலவசமாக ஆலோசனை சொல்வார். பிரெஞ்சு, ஆங்கிலம் கடினமென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 911.

இன்றைக்கே உங்கள் வீட்டுப் போத்தல்களைத் திருப்பிப் பாருங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.