காலண்டரில் வரைந்த கடல்வழி

திருப்பூர் நெருப்பெரிச்சலில் எந்தப் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஓர் ஆர்டரின் கணக்கு எங்கே தொடங்குகிறது? நூலில் என்று சொல்ல மாட்டார், ஷிப்மென்ட் தேதியில் என்பார். அந்தத் தேதியை முதலில் எழுதிவிட்டு பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், டையிங், நிட்டிங் என்று பின்னோக்கி வந்தால்தான் நூல் என்றைக்கு வந்து இறங்க வேண்டும் என்பது தெரியும். இரண்டு பெண்கள் ஒரு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார்களே, அந்தப் பயணத்தின் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். அதே கணக்கு! கண்டுபிடித்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாருங்கள், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிடலாம்.

படகின் பெயர் தாரிணி. கோவாவில் கட்டப்பட்ட 56 அடிப் பாய்மரப் படகு, இந்தியக் கடற்படையுடையது. அதில் போனவர்கள் இருவரே இருவர். ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. இன்னொருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. தில்னா கடற்படையில் லாஜிஸ்டிக்ஸ் அதிகாரி என்று படித்தபோது துள்ளிக் குதித்தேன். சரக்கும் தேதியும் பிசகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எப்படிப்பட்டது என்று திருப்பூர்க்காரர்களுக்கா சொல்லித்தர வேண்டும்?

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். எட்டு மாதம், ஏறத்தாழ 25,400 கடல் மைல். நம் கணக்கில் சுமார் 47,000 கிலோமீட்டர்!

முதலில் விதிகளைப் பார்ப்போம். பாய்மரத்தில் உலகைச் சுற்றினேன் என்று சொல்ல எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும், நிலநடுக்கோட்டை இரண்டு முறையாவது தாண்ட வேண்டும், புறப்பட்ட துறைமுகத்துக்கே வர வேண்டும். சூயஸ், பனாமா போன்ற கால்வாய்களில் நுழையக் கூடாது. குறைந்தது 21,600 கடல் மைல் போயிருக்க வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? வட்டத்துக்கு 360 பாகை, ஒரு பாகைக்கு 60 கலை, நிலநடுக்கோட்டில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். பெருக்கிப் பாருங்கள்!

இனி காலண்டரை விரிப்போம். இதில் நகர்த்தவே முடியாத இடங்கள் இரண்டு. ஒன்று தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனை. அந்த முனைக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலமான இடைவெளிதான் இருக்கிறது. தென்கடல் முழுக்கத் தடையில்லாமல் ஓடிவரும் காற்றும் அலையும் அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. ஆழ்கடல் அங்கே சட்டென்று ஆழம் குறைவதால் அலை செங்குத்தாக எழும். அங்கே கோடைக்காலம் என்பது நமக்கு மார்கழி, தை, மாசி. பகல் நீளமாக இருக்கும் அந்த மாதங்களில்தான் படகுகள் அதைக் கடக்கப் பார்க்கும். 2018இல் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் இதே தாரிணியில் ஹார்ன் முனையைக் கடந்தது ஜனவரி 19. ரூபாவும் தில்னாவும் கடந்தது 2025 பிப்ரவரி 15.

இரண்டாவது இடம் கோவா வாசல். ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கோவாவைத் தொடும். அதற்குமுன் வீடு வந்து சேர வேண்டும். 2010இல் தனியாளாக உலகைச் சுற்றிய திலீப் தோண்டே மும்பைக்குத் திரும்பியது மே 19. ஆறு பெண்கள் கோவாவுக்குத் திரும்பியது 2018 மே 21. இவர்கள் மே 29. எல்லாமே மே! அந்த வாசலை அடைப்பது யார் தெரியுமா? பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து ஆனி, ஆடியில் நம் பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அந்தக் காற்றேதான்!

இந்த இரண்டையும் ஆணியடித்தாயிற்று. இனிப் பின்னோக்கி வருவோம். பிப்ரவரி நடுவில் ஹார்ன் முனை என்றால், நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தை விட்டு ஜனவரி தொடக்கத்தில் கிளம்ப வேண்டும். கிளம்பியது ஜனவரி 4. அதற்குமுன் படகைப் பழுது பார்க்க வேண்டும், உணவு ஏற்ற வேண்டும், கொஞ்சம் தூங்கவும் வேண்டும். ஆகவே டிசம்பர் 22 அன்றே லிட்டல்டன். அதற்கும் முன்னால் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில்: நவம்பர் 9 அன்று வந்து, 24 அன்று புறப்பாடு. இன்னும் பின்னால் போனால் கோவாவில் அக்டோபர் 2, தென்மேற்குக் காற்று அடங்கத் தொடங்கியிருக்கும் நேரம். படகு மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போனால் ஒரு நாளைக்கு 120 முதல் 144 கடல் மைல்தான். காற்று படுத்தால் அதுவும் கிடையாது. துறைமுகத்தில் நிற்கும் நாட்கள்தான் அந்த இழப்பை உள்வாங்கும் கையிருப்பு.

சரி, ஏன் கிழக்கு நோக்கிப் போனார்கள்? கர்ஜிக்கும் நாற்பதுகள், சீறும் ஐம்பதுகள் என்று பள்ளியில் படித்தோமே, அதற்காகத்தான். தென்கோளத்தில் நாற்பது பாகைக்குக் கீழே குறுக்கே நிலம் அதிகம் இல்லாததால், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓயாமல் வீசும். அதை முதுகில் வாங்கிக்கொண்டு போவதுதான் முழுத் திட்டமும். ஃப்ரீமேண்டிலுக்குக்கூட நேர்கோட்டில் போக முடியாது. தென்கிழக்கு வியாபாரக் காற்று முகத்தில் அடிக்கும். பாய்மரம் எதிர்க்காற்றை நேராகக் கிழிக்காது. ஆகவே முதலில் தெற்கே இறங்கி, மேலைக் காற்றைப் பிடித்து, அப்புறம்தான் கிழக்கே திரும்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் பசிபிக்கில் இருக்கிறது. பூமி உருண்டை அல்லவா? லிட்டல்டனிலிருந்து ஹார்ன் முனைக்கு மிகக் குறுகிய வழியை உருண்டையின் மேல் நூல் கட்டிப் பார்த்தால், அது அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிகளுக்குள் போய்விடும்! அதனால் வேண்டுமென்றே தூரத்தைக் கூட்டிக்கொண்டு வடக்கே தள்ளிப் போக வேண்டும். அப்படிப் போனதில் ஜனவரி 30 அன்று நீமோ முனையைக் கடந்தார்கள். எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவில் உள்ள கடற்புள்ளி அது. அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கிலோமீட்டர் தள்ளி. தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்! அங்கே கடல்நீர் மாதிரியையும் எடுத்து வந்தார்கள்.

பசிபிக்கில் தேதிக்கோடும் உண்டு. கிழக்கே போகிறவர்கள் அதைத் தாண்டும்போது ஒரே தேதியை இரண்டு முறை வாழ்கிறார்கள்!

ஹார்னுக்குப் பின் ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, பிறகு கேப் டவுன். ஏப்ரல் 15 அன்று கேப் டவுனை விட்டார்கள். அதன் அருகே உள்ள நன்னம்பிக்கை முனை நமக்கும் அந்நியமில்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் நம் பனியன் கன்டெய்னர்களும் அதைச் சுற்றித்தான் போயின. எஞ்சின் கப்பலுக்கே அந்தச் சுற்று வாரக்கணக்கில் கூடுதல் என்றால், காற்றை மட்டும் நம்பிய படகுக்கு?

முடிவில்தான் உச்சக்கட்டம். 2025இல் பருவமழை அவசரப்பட்டுவிட்டது. வழக்கமாக ஜூன் 1 அன்று கேரளத்தைத் தொடுவது மே 24 அன்றே வந்து, தாரிணிக்கு முன்னால் கோவாவுக்கும் போய்விட்டது! வானம் காலண்டரைக் கிழித்த பிறகும் மே 29 அன்று படகு மர்மகோவா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இப்படி ஒரு நாளுக்காகத்தான், உலகைச் சுற்றிய மாலுமி அபிலாஷ் டோமியிடம் பயிற்சி எடுத்து, இந்தப் பயணத்துக்கு முன்பே 38,000 கடல் மைல் ஓட்டிப் பழகியிருந்தார்கள். திட்டம் தேதியைத் தரும். தேதி தப்பினால் தாங்குவது பழகிய கை.

இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் ஓர் உருண்டையும் ஒரு காலண்டரும் கொடுங்கள். கோவாவில் தொடங்கிக் கோவாவில் முடியும் ஒரு பயணத்தை அவர்களே போடட்டும். ஒரே ஒரு நிபந்தனை: கோடு போடும் முன் தேதி எழுத வேண்டும். எந்த மாதம் எந்தக் கடல் வழிவிடும் என்று அவர்கள் சண்டை போட ஆரம்பித்துவிட்டால், நெருப்பெரிச்சலில் இன்னொரு மாலுமி தயாராகிறார் என்று அர்த்தம்!