மைனஸ் 20இல் ஒரு கையெழுத்து

ஸ்காபரோவில் ஒரு ஜனவரிக் காலை. வெளியே மைனஸ் 20. சாவியைத் திருப்பினால் எஞ்சின் 'டக் டக்' என்பதோடு நின்றுவிடுகிறது. கராஜுக்கு அழைத்தால் அங்கே ஏற்கனவே ஏழெட்டு வண்டிகள் வரிசையில். "அண்ணை, எவ்வளவெண்டாலும் பரவாயில்லை, கெதியா முடிச்சுத் தாங்கோ." அவசரத்தில் வாயில் வரும் இந்த வார்த்தைதான் பிறகு பில்லில் கடிக்கிறது.

குளிர் செய்வது எளிய வேலை. மைனஸ் 18 பாகையில் ஈய அமில பற்றரி தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். எண்ணெயோ தடித்துப்போய், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலு கேட்கும். கோடை வெப்பத்திலேயே நலிந்த பற்றரி இந்த இழுபறியில்தான் சாகிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் முதல் பனி விழுந்த மறுநாள் டயர்க் கடைகளில் அவ்வளவு கூட்டம். பிறகு வீதி உப்பு பிரேக் குழாய்களை அரிக்கத் தொடங்கும். கராஜ்களுக்கு இது அறுவடைக் காலம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாதவர் காகிதத்தை வாசிக்காமல் கையெழுத்திடுவதுதான் சிக்கல்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். போடப்போகும் பாகம் புதியதா, பழையதா என்பதும் அதில் இருக்க வேண்டும். இறுதிப் பில் அந்தத் தொகையை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. மதிப்பீடு வேண்டாம் என்றாலும், உச்சத் தொகை ஒன்றை வாடிக்கையாளர் சொல்லியாக வேண்டும். 'எவ்வளவெண்டாலும்' என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு தொகையே அல்ல. அனுமதி பெறாமல் செய்த வேலைக்குக் காசு கேட்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம்; துருப்பிடித்த பிரேக் குழாயைக் கையில் வைத்துப் பார்த்தால், மாற்றியது தேவைதானா என்ற சந்தேகம் தீர்ந்துவிடும்.

மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை சட்டப்படி உத்தரவாதம் உண்டு. இங்கேதான் ஒரு ஓட்டை. பற்றரி, டயர், விளக்கு, ஃபில்டர், திரவங்கள் ஆகியவற்றுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது. பனிக்காலத்தில் மக்கள் ஓடி ஓடி வாங்குவதே பற்றரியும் டயரும்தான்! ஆகவே உற்பத்தியாளர் உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது. குளிர்கால டயரின் ரசீதைப் பத்திரப்படுத்த இன்னொரு காரணமும் உண்டு: 2016 முதல் ஒன்ராறியோவில் அத்தகைய டயர் போட்ட வண்டிக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத் தள்ளுபடி தந்தாக வேண்டும்.

பில்லில் தகராறு வந்தால்? காசு கட்டாதவரை வண்டியைப் பிடித்து வைக்கக் கராஜுக்கு உரிமை உண்டு. கத்திச் சண்டை போட்டுப் பயனில்லை. சர்ச்சைக்குரிய தொகையை நீதிமன்றத்தில் கட்டி வண்டியை மீட்டபின் வழக்காட வழி இருக்கிறது. அதற்குமுன் எழுத்தில் புகார் கொடுப்பதும், மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவை அணுகுவதும் மலிவான வழிகள்.

மார்ச் மாதம் வேறு கதை. வீதி விரிசலுக்குள் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. உருகி மறுபடி உறைய, தார் பெயர்ந்து குழியாகிறது. ரிம் வளைந்து, பால் ஜொயின்ற் ஆடத் தொடங்கி வண்டிகள் மீண்டும் கராஜுக்கு வருகின்றன. நகரசபையிடம் இழப்பீடு கேட்க விரும்புபவர் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பழுதுபார்த்து முடித்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும். குழியின் படம், இடம், நேரம் இவற்றோடு முதலில் கடிதம் போகட்டும். பில்லைப் பிறகு அனுப்பலாம். மாகாணம் விதித்த பராமரிப்புத் தரத்தைத் தாம் கடைப்பிடித்ததாகக் காட்டினால் நகரசபை தப்பித்துக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.