வென்ட்ஸை விற்று வாங்கிய கோப்பை

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சூப்பர்டோம் அரங்கம். பிலடெல்பியா ஈகிள்ஸ் 40, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 22. அமெரிக்கக் கால்பந்தின் உச்ச ஆட்டமான சூப்பர் பௌலில் அன்று பந்து எங்கே போனது, யார் பிடித்தார்கள் என்பதை உலகமே பார்த்தது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது களத்தை அல்ல. சீஃப்ஸ் அணியின் ஓரத்தில், தலைக்கவசத்தோடு தயாராக நின்ற ஒருவரை. அவர் பெயர் கார்சன் வென்ட்ஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸுக்கு அடிபட்டால் இறங்க வேண்டிய மாற்று ஆள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு வரை அந்த வென்ட்ஸ்தான் ஈகிள்ஸின் முகம். அவரை ஈகிள்ஸ் விற்றபோது பதிலுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு டிராஃப்ட் பிக்குகள், அதாவது கல்லூரி இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசை எண்கள். அந்த இரண்டும் கைமாறி, வேறு சில பிக்குகளோடு சேர்ந்து, மறுபடி கைமாறி, அன்றிரவு அவர் கண்ணெதிரிலேயே நான்கு ஆட்டக்காரர்களாக ஓடிக்கொண்டிருந்தன! பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன், ஈகிள்ஸ் அன்று போட்டது நான்கு. அதில் மூன்றைப் போட்டவர்கள் அந்த நால்வரில் மூவர். ஈகிள்ஸ் ரசிகனுக்கு இதைவிடத் தித்திப்பான கணக்கு உண்டா? வாருங்கள், அந்தக் கணக்கு எழுதப்பட்ட அறைக்குள் போய்ப் பார்ப்போம்.

அறைக்குள் நடுநாயகமாக இருப்பவர் ஹௌவி ரோஸ்மேன், அணியின் ஜெனரல் மேனேஜர். கல்லூரியில்கூடப் பந்து தொட்டு ஆடியவர் இல்லை, சட்டம் படித்தவர். சின்ன வயதிலிருந்தே அணிகளுக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர். 2000இல் ஈகிள்ஸில் ஊதியக் கணக்குப் பார்க்கும் கீழ்நிலை வேலையில் சேர்ந்து, 2010இல் ஜெனரல் மேனேஜர் ஆனார். 2015இல் பயிற்சியாளர் சிப் கெல்லியின் கை ஓங்கியதும் ஆள் எடுக்கும் அதிகாரத்தை இழந்து ஓரங்கட்டப்பட்டார். அந்த வருஷ முடிவிலேயே கெல்லி போனார், ரோஸ்மேன் திரும்பி வந்தார். வந்தவர் இரண்டு கோப்பைகளை வென்று கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டால், இந்த அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரரே அவர்தான்.

டிராஃப்ட் என்பதை ஐபிஎல் ஏலமாக நினைத்துவிடக் கூடாது. இங்கே கல்லூரி முடித்து வரும் இளைஞனுக்கு யாரும் விலை கூவ முடியாது. 32 அணிகளும் வரிசையில் நின்று, 7 ரவுண்டுகளில் ஒவ்வொருவராக எடுக்கும். போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறானோ அதற்கேற்ப அவன் சம்பளம் ஏற்கெனவே நிர்ணயம் ஆகியிருக்கும், அதுவும் நான்கு வருஷத்துக்கு. ஆகவே நல்ல இளைஞன் கிடைத்தால் நான்கு வருஷம் மலிவு விலையில் வைரம். இதனால் அந்த வரிசை எண்களுக்கே ஒரு சந்தை உண்டு. 90களில் டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒரு அட்டவணை போட்டார்: முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, 16ஆவதற்கு 1000. இன்றைக்கு அணிகள் தங்கள் சொந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரம் ஓட ஓடத் தொலைபேசியில் பேரம் பேசுகின்றன. 2024இல் முதல் ரவுண்டில் ஒரு அணிக்குக் கிடைத்த அவகாசம் 10 நிமிஷம். அதற்குள் ஒரு நகரத்தின் அடுத்த பத்து வருஷம் தீர்மானமாகிவிடும்!

இப்போது வென்ட்ஸ். 2019இல் அவருக்கு 4 வருஷத்துக்கு 12.8 கோடி டாலர் புது ஒப்பந்தம். அடுத்த ஏப்ரலிலேயே ரோஸ்மேன் இரண்டாம் ரவுண்டில், 53ஆவது ஆளாக, ஜேலன் ஹர்ட்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார். ஊரே கொதித்தது. இவ்வளவு பணம் கொட்டி ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவர் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அந்த வருஷக் கடைசியில் வென்ட்ஸ் சறுக்க, ஹர்ட்ஸ் அவர் இடத்துக்கு வந்தார். 2021 பிப்ரவரியில் வென்ட்ஸ் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போனார். ஏற்கெனவே கொடுத்த பணத்துக்காக ஈகிள்ஸின் சம்பள வரம்புக் கணக்கில் விழுந்த வெற்றுச் சுமை 3.38 கோடி டாலர், அன்றைய தேதிக்கு அது சாதனை. ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று தெரிந்ததும், இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று இழுக்காமல் அத்தனை சுமையையும் ஒரே வருஷத்தில் விழுங்கிய அந்தத் துணிச்சலைத்தான் நான் இந்தக் கதையின் திருப்புமுனை என்பேன்.

பதிலுக்கு வந்தவை: 2021இல் ஒரு மூன்றாம் ரவுண்டு பிக், 2022இல் ஒரு இரண்டாம் ரவுண்டு பிக். கோல்ட்ஸுக்கு வென்ட்ஸ் போதுமான அளவு ஆடினால் இரண்டாம் ரவுண்டு முதல் ரவுண்டாக உயரும் என்று ஒரு ஷரத்து. ஆடினார், உயர்ந்தது.

மூன்றாம் ரவுண்டு பிக்கின் எண் 84. அதோடு தன் 12ஆவது பிக்கையும் சேர்த்து, பரம வைரியான டல்லஸ் கௌபாய்ஸிடமே ரோஸ்மேன் 10ஆவது இடத்தை வாங்கினார். எதற்கு? 11ஆவது இடத்தில் இன்னொரு வைரியான ஜயண்ட்ஸ் காத்திருந்தது. அவர்களைத் தாண்டிக் குதித்து எடுத்த, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்தான் டெவோன்டா ஸ்மித்.

முதல் ரவுண்டாக உயர்ந்த பிக் 2022இல் 16ஆவது எண்ணாக விழுந்தது. டிராஃப்டுக்குச் சில வாரம் முன்பு, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியோடு ஒரு பெரிய கைமாற்று. ஈகிள்ஸ் கொடுத்தது 16, 19, 194. வாங்கியது 18, 101, 237. அதற்கு மேல் செயின்ட்ஸின் 2023 முதல் ரவுண்டும் 2024 இரண்டாம் ரவுண்டும்! அப்போது செயின்ட்ஸின் நிலை என்ன? பெரிய குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் ஓய்வு பெற்றாயிற்று, பயிற்சியாளர் ஷான் பேட்டனும் கிளம்பிவிட்டார். சரியப்போகிற அணியின் நாளைய பிக் உயர்ந்த இடத்தில் விழும் என்பதைப் பார்த்து வாங்கிய பண்டம் அது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். அந்த 18உம் 101உம் டிராஃப்ட் இரவிலேயே டென்னசி டைட்டன்ஸுக்குப் போக, ரிசீவர் ஏ.ஜே. பிரௌன் வந்து சேர்ந்தார், 4 வருஷம், 10 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு. அந்த டிசம்பரில் பழைய அணிக்கு எதிராகவே பிரௌன் இரண்டு டச்டவுன் போட்டார். இரண்டு நாளில் டைட்டன்ஸ் தன் ஜெனரல் மேனேஜரை வேலையை விட்டு அனுப்பியது. செயின்ட்ஸின் 2023 முதல் ரவுண்டு, எதிர்பார்த்தபடியே 10ஆவது எண். அதோடு அடுத்த வருஷத்து நான்காம் ரவுண்டு பிக் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து, ஒரு படி ஏறி 9இல் எடுத்தது ஜேலன் கார்ட்டர் என்ற ராட்சத டிஃபென்சிவ் டாக்கிளை, அதாவது தடுப்பு முன்வரிசைக்காரரை. 2024 இரண்டாம் ரவுண்டு 50ஆவது எண். அதையும் தன் 53ஐயும் இன்னொரு பின்வரிசை பிக்கையும் வாஷிங்டன் அணியிடம் கொடுத்து 40ஆம் இடத்துக்கு ஏறி எடுத்தது, எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக் கூப்பர் டிஜீனை. அந்த டிஜீன்தான் அந்த சூப்பர் பௌலில், தன் 22ஆவது பிறந்தநாளில் மஹோம்ஸின் பந்தைப் பறித்து, 38 யார்டு ஓடி டச்டவுன் போட்ட பையன். சூப்பர் பௌல் நடந்த சூப்பர்டோமோ, பிக்குகளை விற்ற செயின்ட்ஸின் சொந்த அரங்கம்!

இந்த அறைக்குள் எல்லாரும் ஒரே மனதாக இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 2021 டிராஃப்டின் இரண்டாம் நாள். ரோஸ்மேன் 70இலிருந்து 73க்கு இறங்கித் தடுப்பாட்டக்காரர் மில்டன் வில்லியம்ஸை எடுத்துவிட்டு, அறையைச் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் முட்டி தட்டுகிறார். மூத்த ஆலோசகர் டாம் டோனஹோவிடம் வரும்போது அவர் முகம் கடுகடு. அது நேரலையில் நாடு முழுக்கப் போய்விட்டது. வேறொருவர் மீது கண் வைத்திருந்தவர்கள் அறையில் இருந்தார்கள், அவர் இதற்குள் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்த வில்லியம்ஸ் சூப்பர் பௌலில் மஹோம்ஸை இரண்டு முறை வீழ்த்தினார். ஆள் எடுக்கும் அறையில் சண்டை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆளாளுக்குத் தலையாட்டும் அறையில் நல்ல அணி பிறக்காது.

சறுக்கலும் உண்டு. 2020இல் 21ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது ரிசீவர் ஜேலன் ரேகரை. அடுத்த பிக்கில் மினசோட்டா வைகிங்ஸ் அள்ளிக்கொண்டது, பின்னாளில் நட்சத்திரமாகிவிட்ட ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை! ஈகிள்ஸ் ரேகரை எடுத்த செய்தி கேட்டு வைகிங்ஸ்காரர்கள் குதூகலித்த காணொளி இன்றைக்கும் சுற்றுகிறது, ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்தடுத்த வருஷங்களில் ஸ்மித்தும் பிரௌனும் வந்த அவசரம் முழுசாகப் புரியும்.

என் மனசுக்கு நெருக்கமான இன்னொரு காட்சி, மூத்தவர் தன் வாரிசைத் தானே தேர்ந்தெடுக்க உதவியது. 2011இல் ஆறாம் ரவுண்டில் வந்து அணியின் ஆன்மாவாகவே ஆகிப்போன, முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்ட்டர் ஜேசன் கெல்சியிடம், கல்லூரி சென்ட்டர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அணி கேட்டது. அவருக்கு மிகப் பிடித்தவர் கேம் ஜர்கன்ஸ். 2022இல் இரண்டாம் ரவுண்டில் அவரை எடுத்தார்கள். 2024இல் கெல்சி ஓய்வு பெற்றபோது இருக்கை காலியாகவே இல்லை. அதே முன்வரிசையில் நிற்கும் ஜோர்டன் மைலாட்டாவோ ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். 2018இல் 233ஆவது ஆளாக எடுக்கப்படும்வரை அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. முன்வரிசை வலுவாக இல்லாமல் வேறு எதைக் கட்டினாலும் வீண் என்பதில் ரோஸ்மேனோடு எனக்கு முழு உடன்பாடு.

இனி பணப்பெட்டி. ஒவ்வொரு அணிக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு: 2023இல் 22.48 கோடி டாலர், 2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி. ஹர்ட்ஸுக்கு மட்டும் 5 வருஷத்துக்கு 25.5 கோடி ஒப்பந்தம். அப்படியிருந்தும் 2024 கணக்கில் அவர் பெயரில் விழுந்தது 1.4 கோடிக்கும் குறைவு! எப்படி? போனஸாகக் கொடுக்கும் பணத்தைக் கணக்கில் 5 வருஷம் வரை பரப்பி எழுதலாம். ஒப்பந்தம் அதைவிடக் குறுகியதாக இருந்தால், கடைசியில் ஆட்டக்காரர் ஆடவே போகாத சில வருஷங்களைச் சேர்த்து அந்த 5ஐ எட்டலாம். வரம்பு வருஷா வருஷம் ஏறுவதால் நாளைக்கு அந்தச் சுமை லேசாகத் தெரியும். ஆனால் போனஸ் ரொக்கத்தை உடனே எடுத்து வைக்க வேண்டியவர் உரிமையாளர் ஜெஃப்ரி லூரி. 1994இல் அணியை வாங்கிய அந்த மனிதர் கையை இறுக்கியிருந்தால் ரோஸ்மேனின் வித்தை எதுவும் பலிக்காது.

விலை ஏறும் முன் கையெழுத்து வாங்குவது இன்னொரு வித்தை. 2024 ஏப்ரலில் ஸ்மித்துக்கு 3 வருஷம், 7.5 கோடி. இரண்டு மாதம் கழித்து ஜெஃபர்சனுக்கு வைகிங்ஸ் கொடுத்தது 4 வருஷம், 14 கோடி. அதே 2024இல் ஜயண்ட்ஸ் கைவிட்ட, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை 3 வருஷம், 3.775 கோடிக்கு எடுத்தார்கள். ஜயண்ட்ஸ் அலுவலகத்துக்குள் தொலைக்காட்சிக் கேமரா இருந்த வருஷம் அது. பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று உரிமையாளர் ஜான் மாரா சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. பார்க்லி அந்த வருஷம் ஓடியது 2005 யார்டு!

கடனைத் தள்ளித் தள்ளி எழுதுவது ஆபத்து என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. செயின்ட்ஸும் இதே முறையைத்தான் கையாண்டது. ஆனால் அவர்கள் நாளைய பணத்தையும் செலவழித்தார்கள், நாளைய பிக்குகளையும் விற்றார்கள். ஈகிள்ஸ் நாளைய பணத்தைச் செலவழித்து, நாளைய பிக்குகளை வாங்கியது. மலிவு விலை இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கும்வரை கடன் மூச்சை முட்டாது. இரண்டு டிராஃப்ட் தொடர்ந்து பொய்த்தால் முட்டும். அதனால்தான் கோப்பை வென்ற அடுத்த மாதமே வில்லியம்ஸ் 10.4 கோடிக்கு நியூ இங்கிலாந்து அணிக்கும், இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜாஷ் ஸ்வெட் 7.64 கோடிக்கு அரிசோனா அணிக்கும் போனபோது ரோஸ்மேன் மறிக்கவில்லை. மனசு கனத்தாலும் அது சரியான முடிவு.

அடுத்த டிராஃப்டைப் பார்க்க உட்காரும்போது மேடையில் கட்டிப்பிடிக்கும் முகங்களோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அணி தன் அடுத்த வருஷ முதல் ரவுண்டு பிக்கை யாரிடம் கொடுத்தது என்பதைக் குறித்து வையுங்கள். மூன்று வருஷம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.