கரையிறங்கியவனின் சோறு

கப்பலில் வேலை பார்த்தவன் என்று அறிந்ததும் பலரும் முதலிற் கேட்பது, "புயலைக் கண்டதுண்டா?" என்பதே. கண்டதுண்டு. ஆனால் கப்பற்காரர் தமக்குள்ளே பேசிக்கொள்வது புயலைப் பற்றியன்று, சாப்பாட்டைப் பற்றியே. இருபத்திரண்டு ஆண்டுகள் எந்திரப் பகுதியிற் பணிபுரிந்தவன் நான். மூன்று வாரம் ஒரே சமையற்காரரின் கையால் உண்டவனுக்குக் கரை தெரிந்ததும் கலங்கரை விளக்கம் கண்ணிற் படுவதில்லை. எங்கே சென்று உண்பது என்ற எண்ணமே முந்திக்கொள்ளும்.

துறைமுக வாயிலுக்கு நேர் எதிரேயுள்ள கடையில் உண்ணலாகாது என்பது நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம். இன்று வந்தவன் நாளை வாரான் என்பதை அக்கடைக்காரர் நன்கறிவார். நாலைந்து மொழிகளில் விலைப்பட்டியலும், வாசலில் நின்று கையைப் பிடித்திழுக்க ஓர் ஆளும் இருக்கக் கண்டால் நான் அப்பாற் சென்றுவிடுவேன். சுமை இறக்குவோரும் சுங்கப் பகுதி எழுதுவினைஞரும் நண்பகலில் எத்திசை நோக்கி நடக்கிறார்கள் என்று பார்த்து அவர்களைப் பின்தொடர்வதே என் வழக்கம். அவர்கள் நாள்தோறும் உண்பவர்கள். இன்று பழங்கறியைப் போட்டால் நாளை கடை வெறிச்சோடும்.

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் இந்த உபாயமும் முழுதாகப் பலிக்காது. அங்கே மதிய உணவே இரண்டு மணிக்குப் பின்னர்தான். பன்னிரண்டு மணிக்குப் பசியெடுத்தவன் நல்ல கடையையும் ஆளில்லாக் கடை என்று கருதித் திரும்பிவிடுவான். பழைய தவெர்னாக்களில் நம்மை அடுக்களைக்கே அழைத்துச் சென்று பானைகளைத் திறந்து காட்டுவார்கள். மொழி வேண்டியதில்லை, சுட்டுவிரல் போதும். மீனை மட்டும் நிறுத்து விற்பார்கள். நிறையைக் கேளாமல் தலையசைத்த நான், ஒருமுறை, ஒரு குடும்பம் உண்ணத்தக்க பெரிய மீனொன்றைத் தன்னந்தனியே எதிர்கொண்டு, இரண்டு நாட் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன்.

தனியே உண்பதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. கப்பலிலே தனிமை உண்டு, தனியிடம் இல்லை. அதே முகங்கள், அதே மேசை, அதே பகடி. கரையில் ஒரு மணித்தியாலம் எவர் முகத்தையும் பாராது உண்பது ஒருவகை ஓய்வு. ஆயினும் பல ஊர்களில், நால்வருக்குரிய மேசையை ஒருவன் அடைத்துக்கொள்கிறானே என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். கழிவறைக் கதவோரம் இடம் காட்டுவார். ஜப்பானியர் இவ்விடயத்தில் நாகரிகமானவர். கோபேயிலும் யோகோகாமாவிலும் பணியாளர் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டிக் கேட்பார். தலையசைத்தால், சமையற்காரரை நோக்கியிருக்கும் நீண்ட பலகையின் முன்னே ஓர் இருக்கை கிடைக்கும். இருமருங்கிலும் நம்மைப்போன்ற தனியர்களே. உண்டு முடித்து எழும்வரை ஒருவரும் திரும்பிப் பாரார்.

ஆனால் நான் மறவாத சோறு பினாங்கிலே உண்டது. 1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். யாழ்ப்பாணத்திலே போர் மூண்டிருந்தது. வீட்டிலிருந்து கடிதம் வந்து ஏழு வாரமாகியிருந்தது. கப்பலிலே தமிழன் நான் ஒருவனே. வானொலிச் செய்தி முடிந்ததும் சாப்பாட்டறையில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். இரக்கத்தினால்தான், எனினும் அந்தப் பார்வைகளின் முன்னே எனக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல் பட்டர்வர்த்திலே கட்டியிருந்தது. மாலையில் அக்கரையிலுள்ள ஜோர்ஜ் டவுனுக்குப் படகேறினேன். நம் ஊர்காவற்றுறைப் பாதையைப் பன்மடங்கு பெருக்கினாற்போல, மோட்டார் வண்டிகளையும் சுமந்து சென்ற அப்பழைய படகுகள் 2020இன் இறுதியோடு ஓய்ந்துவிட்டன. இறங்கியதும் கால்போன போக்கில் நடந்து, சூலியா தெரு முடிவில் ஒரு சந்துக்குள்ளே கறிமணத்தைப் பின்பற்றிச் சென்றேன்.

அங்கு விற்பது நாசி கண்டார். நாசி என்றால் மலாய் மொழியிற் சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்கும் காவுதடி. முன்னாளிலே தமிழ் முஸ்லிம் வணிகர், தடியின் ஒரு முனையிற் சோறும் மறுமுனையிற் கறிகளுமாகச் சுமந்து திரிந்து, துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவு அது. வீட்டைவிட்டு வந்த தனியாட்களுக்கென்றே பிறந்த சோறு எனலாம். இன்று தடி இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. வெண்டிக்காய், கணவாய், மீன்சினை, பொரித்த கோழி என்று கேட்டதை வைத்து, நாலைந்து கறிகளின் குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். எல்லாம் கலந்தால் என்ன சுவை என்று முகம் சுளிப்பவர் ஒருமுறை உண்டு பார்க்கட்டும்.

கரண்டி பிடித்து நின்றவர் கடையநல்லூர்ப் பக்கத்தவர்; ஐம்பது வயதிருக்கும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம், நானா," என்றேன், கொழும்பு வழக்கத்தில்.

கரண்டி சற்றே நின்றது. "வீட்ல எல்லாரும்..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் கேளாத சினைத்துண்டொன்றைத் தட்டில் வைத்து, "உக்காந்து சாப்பிடுங்க தம்பி," என்றார். அவ்வளவே.

நீண்ட மேசையில் லொறிச் சாரதி இருவரும் ஒரு சீனக் கிழவரும் சிறிது ஒதுங்கி இடம்விட்டுத் தம் தட்டுகளுக்கே திரும்பினர். பல நாட்களுக்குப் பின் ஒரு தட்டுச் சோற்றை முழுமையாக உண்டேன். பணம் கொடுக்கையில் சினைக்கு அவர் காசு வாங்கவில்லை. கப்பல் நான்கு நாள் நின்றது. நான்கு மாலையும் அங்கேயே சென்றேன். வீட்டார் நலம் என்ற கடிதம் மார்கழியிலேதான் கிடைத்தது.

என் மருமகனும் இன்று கொள்கலக் கப்பலொன்றிற் பணிபுரிகிறான். அக்கப்பல்கள் துறையில் நிற்பது மணிக்கணக்கிலேதான். சென்ற ஆண்டு பினாங்கிலே ஐந்து மணித்தியாலம் ஓய்வு கிடைத்ததென்று தொலைபேசியிற் கேட்டான். போக வர மூன்று மணித்தியாலமாவது ஆகும் என்று எச்சரித்தே சந்தின் அடையாளத்தைச் சொன்னேன். நள்ளிரவில் மறுபடி அழைத்தான். "கண்டுபிடிச்சிட்டன் மாமா. சினை முடிஞ்சு போச்சு, கணவாய்தான் கிடைச்சது."